உறைமோருக்கு வந்த தடை

ராசாக்கள் ஊரைக் கோட்டைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த காலம். எந்த வருடம் என்று கேட்காதீர்கள். கதைக்கு வருடம் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு கேட்கும் காது இருந்தால் போதும்.

தாழைக்கோட்டை என்று ஒரு நாடு. அதற்கு ஒரு ராசா. பெயர் கோதைமாறன். நல்லவன். சொன்ன சொல் மாறமாட்டான். ஆனால் கடைத்தெரு எந்தத் திசையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. எல்லாம் தட்டில் வைத்து வந்துவிடும். பிறகு தெரு எதற்கு?

அந்தக் கடைத்தெருவில் ஒரு மரத்தடியில் மூன்று பேர் உட்கார்ந்து பிழைத்தார்கள். கருவாடு விற்ற சங்கன். ஊறுகாய் விற்ற சடைச்சி. தயிர் விற்ற காராயி.

மூன்று பேரில் காராயிக்குத்தான் வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கு இரண்டு எருமை, ஒரு பசு, ஆறு பானை. புருசன் இல்லை. காலையில் பானையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவாள். சொட்டு விழாது. "கத்தி இருந்தா கொண்டாங்க, அறுத்துத் தாரேன்" என்பாள். உச்சிவேளைக்குள் ஆறு பானையும் காலி.

காலி என்றால் முழுக்கக் காலி இல்லை. கடைசிப் பானையின் அடியில் ஒரு கரண்டி மிச்சம் வைப்பாள். அதுதான் உறைமோர். அதை இன்றைய பாலில் விட்டால்தான் நாளைக்குத் தயிர். அவள் அம்மா அப்படித்தான் செய்தாள். அம்மாவின் அம்மாவும் அப்படித்தான். ராசா ஆயிரம் பொன் கொடுத்தாலும் அந்தக் கரண்டியை விற்கமாட்டாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தோடு வந்து நின்றால் சும்மா கொடுப்பாள். உறைமோருக்கு விலை வைக்கக்கூடாது. அது அவர்கள் வழக்கம்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் ராசாவுக்கு வயிறு கெட்டது.

ஏதோ திருவிழாவில் பணியாரம் தின்றான். ஊசிப்போன பணியாரம். மூன்று நாள் படுக்கை. அந்தப் பணியாரம் அரண்மனை உக்கிராண அறையில் ஒன்பது நாள் கிடந்தது. அதை யாரும் விசாரிக்கவில்லை. எழுந்ததும் ராசா அமைச்சரைக் கூப்பிட்டான்.

அமைச்சர் பெயர் நன்னாகர். நிறையப் படித்தவர். ஓலையும் எழுத்தாணியும் இல்லாமல் தூங்கமாட்டார். அடுப்படிப் பக்கம் போனதே கிடையாது.

"நன்னாகரே, எனக்கே இந்தக் கதி என்றால் என் குடிகள் என்ன பாடு படுவார்கள்? பழைய பண்டம் இந்த நாட்டில் யாரும் விற்கக்கூடாது. வழி செய்யும்."

நல்ல எண்ணம்தான். நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நல்ல எண்ணம் ஓலையில் ஏறும்போது யார் கையில் எழுத்தாணி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

நன்னாகர் மூன்று நாள் அறைக்குள் உட்கார்ந்து எழுதினார். ஒரு வியாபாரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலாம் நாள் முரசு அடித்தார்கள்.

முதல் ஆணை வந்தது.

உண்ணும் பொருள் விற்கிற ஒவ்வொருவரும் அது இன்றைய பொருள்தான் என்று கிழக்கு வாசல் சாவடியில் முத்திரை வாங்க வேண்டும். தினமும் வாங்க வேண்டும். முத்திரைக்குக் கூலியாகப் பொருளில் எட்டில் ஒரு பங்கு. வருடம் முழுவதற்கும் சேர்த்து ஒரே தடவை பொன்னாகக் கட்டுகிறவர்கள் தினமும் வர வேண்டாம்.

சரக்கு அடுக்கக் கிட்டங்கி வைத்திருந்த பெரிய வியாபாரிகள் அன்று சாயங்காலமே பொன்னைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் கிட்டங்கியில் மூன்று வருட நெய் இருந்தது. அதுவும் அன்றைக்கு இன்றைய நெய் ஆகிவிட்டது.

மரத்தடி ஆட்களிடம் பொன் ஏது? வரிசையில் நின்றார்கள்.

சங்கன் முறை வந்தது. சாவடிக்காரன் கருவாட்டை முகர்ந்து பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இது இன்னைக்குப் பிடிச்சதா?"

"இன்னைக்குப் பிடிச்சா அது மீன் சாமி. கருவாடு எப்படி ஆகும்?"

"எதிர்த்துப் பேசாதே. இன்றைய பொருளா, இல்லையா?"

"போன மாசத்து வாளை. உப்புப் போட்டு ஒன்பது நாள் காயவச்சது. உங்க கல்யாணத்துக்கே வச்சுப் பரிமாறலாம்."

"அப்படியென்றால் பழைய பொருள். தூக்கிக் குழியில் போடு."

சங்கனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சடைச்சி முறை வந்தது. ஜாடியில் மாவடு. "எப்போது போட்டது?" என்றான் சாவடிக்காரன். "மாசியில போட்டேன், இப்பத்தான் ஊறி ருசி கண்டிருக்கு" என்றாள். உண்மையைச் சொன்னது தப்பு. ஜாடி குழிக்குப் போயிற்று.

காராயி முறை வந்தபோது உச்சிவேளை. பங்குனி வெயில். ஆறு பானைத் தயிரும் புளித்து நுரை தள்ளிவிட்டது. சாவடிக்காரன் எட்டில் ஒரு பங்கை அளந்து எடுத்துக்கொண்டான். முத்திரையை அழுத்தினான். "புதிய பொருள். போய் விற்றுக்கொள்" என்றான்.

"சாமி, வரும்போது புதுசாத்தான் இருந்துச்சு. உங்க வாசல்லதான் பழசாச்சு."

"அது என் வேலை இல்லை."

வேறு என்ன சொல்வான்? சாவடியில் உட்கார்ந்தவன் எவனும் அதைத்தான் சொல்வான்.

காராயி சளைக்கவில்லை. மறுநாள் விடியும் முன்பே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். எட்டில் ஒரு பங்கு போனாலும் மிச்சத்தை விற்றாள். சங்கனும் சடைச்சியும் கூலிக்குக் கூடை தூக்கப் போனார்கள்.

இரண்டாம் ஆணை வந்தது.

விற்று மிஞ்சிய பொருளை எந்த வியாபாரியும் மறுநாளுக்கு வைத்திருக்கக்கூடாது. பொழுது சாயும் முன் கிழக்கு வாசல் குழியில் கொட்ட வேண்டும். பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் விட்டு அலசிக் காட்ட வேண்டும்.

காராயி குழியருகே நின்றாள். அவள் கையில் கடைசிப் பானை. அடியில் அந்த ஒரு கரண்டி.

"இது விக்கிறதுக்கு இல்ல சாமி. இது உறைமோரு. இது போச்சுன்னா நாளைக்குப் பானையில பால்தான் இருக்கும்."

"நேற்றைய தயிர்தானே?"

"ஆமா."

"கொட்டு."

காராயி ஒரு நொடி யோசித்தாள். பிறகு, "சாமி, சட்டம் வியாபாரிக்குத்தானே? வீட்டுக்காரங்களுக்கு இல்லையே?" என்று கேட்டாள்.

சாவடிக்காரன் ஓலையைப் பிரித்துப் படித்தான். "வியாபாரிக்கு மட்டும்தான்."

"அப்ப இந்தா வந்துட்டேன்" என்று பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள். முதல் வீட்டில் ஒரு துளி. இரண்டாம் வீட்டில் ஒரு துளி. மூன்றாம் வீட்டில் ஒரு துளி. "தாயி, உங்க பால்ல விட்டுக்கங்க. காலையில எனக்கு ஒரு கரண்டி திருப்பித் தாங்க." கொடுத்துவிட்டு வந்து வெறும் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் காட்டினாள்.

காலையில் போய், "உறை இருக்கா தாயி?" என்று வாசலில் நின்றாள். மூன்று வீட்டிலும் இருந்தது.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஊரே அவளுக்கு உறி ஆயிற்று. எந்த வீட்டில் அவளுடைய உறைமோர் இருக்கிறது என்று எந்தச் சேவகனுக்கும் தெரியாது. எல்லா வீட்டிலும் இருந்தது.

ஆனால் ஊர் என்றால் கோள் சொல்ல ஒருவன் இருப்பான். இங்கேயும் இருந்தான். விஷயம் நன்னாகர் காதுக்குப் போயிற்று. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு தயிர்க்காரி தன் ஓலையில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டாளே!

மூன்றாம் ஆணை வந்தது.

நாட்டில் எந்த வீட்டிலும் நேற்றைய உணவு இருக்கக்கூடாது. காட்டிக் கொடுப்பவனுக்குப் பரிசு.

அவ்வளவுதான். இட்லிக்கு மாவு புளிக்கவில்லை. ஏரோட்டிக்குப் பழைய சோறு இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊறுகாய் இல்லை. நாடு முழுக்க ஒரு கரண்டி உறைமோர் இல்லாமல் துடைத்தெடுத்தார்கள்.

ராசா நேர்மையானவன் என்றேன் அல்லவா? "அரண்மனைக்கும் அதே சட்டம்தான்" என்று சொல்லிவிட்டான். அரண்மனைத் தயிரும் குழிக்குப் போயிற்று. அதையும் சொல்ல வேண்டும். மறைக்கக்கூடாது.

காராயி பால் விற்கப் போனாள். தயிர் விற்ற இடத்தில் பால் விற்றால் பாதிதான் கிடைக்கும். ஒரு எருமையை விற்றாள். மரத்தடியில் மூன்று பேரும் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு ஒரு விசயம் புரியலக்கா" என்றாள் காராயி, சடைச்சியிடம். "அமைச்சர் வீட்டுக்குத் தினம் சாயங்காலம் நாலு படி பால் ஊத்துறேன். புருசன் பொஞ்சாதி ரெண்டே பேரு. நாலு படிப் பாலை என்ன பண்றாங்க?"

"குளிக்கிறாங்களோ என்னமோ" என்றாள் சடைச்சி.

"நாலு படிப் பாலைக் குடிச்சா அந்தாளு ஓலை எழுத எங்க உக்காருவாரு?" என்றான் சங்கன். "கொல்லைப்பக்கமே குடியிருக்கணும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். வயிறு காய்ந்தாலும் சிரிப்பு வரும். ஏழைகளிடம் சாவடிக்காரன் எட்டில் ஒரு பங்கு எடுக்க முடியாதது அது ஒன்றுதான்.

வைகாசி பிறந்தது. வெயில் ஏறியது. ராசாவுக்கு மறுபடியும் வயிறு கெட்டது. இந்தத் தடவை சூடு. வாயெல்லாம் புண். காரம் ஆகாது, புளி ஆகாது, சுடுசோறு ஆகாது. வைத்தியர் நாடி பிடித்தார். "தயிர்ச்சோறு ஒன்றுதான் மருந்து. உடனே வேண்டும்" என்றார்.

அரண்மனை மடைப்பள்ளியில் தயிர் இல்லை. ஊரில் தயிர் இல்லை. நாட்டில் தயிர் இல்லை. பக்கத்து நாட்டுக்கு நாலு நாள் நடை.

ராசா நன்னாகரைப் பார்த்தான். நன்னாகர் அசரவில்லை. "மன்னா, கடைத்தெருவில் காராயி என்று ஒரு தயிர்க்காரி இருக்கிறாள். சட்டத்தின் மேல் கோபத்தில் வேண்டுமென்றே தயிர் போடாமல் இருக்கிறாள். ஊரையும் தூண்டிவிடுகிறாள்" என்றார்.

காராயியை இழுத்து வந்தார்கள்.

"தயிர் ஏன் போடவில்லை?" என்றான் ராசா. புண் வாயோடு பேசியதால் குரல் குளறியது.

"உறைமோரு இல்ல மகராசா."

"மூன்று நாள் தருகிறேன். தயிர் வேண்டும். இல்லையென்றால் நீ பொய் சொல்கிறாய் என்று பொருள். மாட்டைப் பறிமுதல் செய்துவிட்டு, கோட்டைக்கு வெளியே அனுப்பிவிடுவேன்."

நல்ல ராசாதான். ஆனால் வயிறு எரியும்போது நல்ல ராசாவும் ராசாதான்.

முதல் நாள் காராயி பாலைக் காய்ச்சி மூன்று பானையில் ஊற்றினாள். ஒன்றில் புளி விட்டாள். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தாள். ஒன்றில் நெல்லிக்காயை இடித்துப் போட்டாள். மூன்றும் திரிந்தன. திரிந்த பால் வேறு, தயிர் வேறு. நாக்கு உள்ளவனுக்குத் தெரியும்.

சடைச்சி மூக்கை உறிஞ்சினாள். "நீ போயிட்டா நாங்க யார் கூடடி பேசுறது?"

காராயி தன் பழைய பானை ஒன்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். நாற்பது நாளாக வெயிலில் காய்ந்த பானை. உள்ளே முகர்ந்து பார்த்தாள். மண் வாசனைதான் வந்தது. திடீரென்று எழுந்தாள்.

"எங்கடி போற?"

"ராசாகிட்ட பானை கேக்க."

"பானையா? நம்ம கிட்ட ஆறு பானை சும்மா கெடக்கு தங்கச்சி" என்றான் சங்கன். "உனக்கு வேண்டியது உறைமோரு. வெறும் பானையை வாங்கி என்ன பண்ணப் போற?"

"வெறும் பானைன்னு யார் சொன்னா அண்ணே?" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

இரண்டாம் நாள் காலை. சபை கூடியிருந்தது. காராயி கும்பிட்டுவிட்டு நின்றாள்.

"மகராசா, என் பானையெல்லாம் காஞ்சு செத்துப் போச்சு. இந்தச் சபையில இருக்கற பெரியவங்க ஆளுக்கு ஒரு தயிர்ப்பானை அவங்கவங்க மடைப்பள்ளியிலிருந்து குடுத்து உதவணும். பெரிய வீட்டுப் பானையில உறையுதான்னு பாக்கறேன். உங்க கண் முன்னாலயே பால் ஊத்துறேன். ஒரு துளிகூட எதுவும் கலக்கமாட்டேன். சேவகங்க காவல் இருக்கட்டும்."

சபை சிரித்தது. நன்னாகர் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். "ஆடத் தெரியாதவள் தரை கோணல் என்றாளாம். கொடுக்கலாம் மன்னா. வெறும் பானையில் பால் ஊற்றிவிட்டு நாளைக்கு வெறும் கையோடு போகட்டும்."

ராசா தலையை ஆட்டினான். மூன்று பேர் வீட்டுக்கு ஆள் போயிற்று. தளபதி வீட்டிலிருந்து ஒரு பானை வந்தது. பொருள் காப்பாளர் வீட்டிலிருந்து ஒரு பானை வந்தது. அமைச்சர் வீட்டிலிருந்து ஒரு பானை வந்தது.

இப்போது அமைச்சர் வீட்டு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தெரியவில்லையென்றால் நீங்கள் கதை கேட்டுப் பயனில்லை.

நன்னாகருக்குத் தயிர் இல்லாமல் சோறு இறங்காது. பிறந்ததிலிருந்து அப்படி. நாடு முழுக்கத் தயிரைக் கொட்டச் சொல்லி எழுதினார் அல்லவா? அன்று மத்தியானமும் அவர் இலையில் கட்டித்தயிர் விழுந்தது. அமைச்சர் வீட்டைச் சோதனை போட யாருக்குத் தைரியம் வரும்? நாலு படிப் பாலில் மூன்று படி தயிர்தான்.

பானை கேட்டு ஆள் போனபோது அவர் சமையல்காரனிடம், "இருக்கிற தயிரை வேறு பாத்திரத்துக்கு மாற்று. பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீர் அலசிக் கொடு" என்று சொல்லி அனுப்பினார். தன் சட்டத்தில் எழுதியபடியே செய்தார். கழுவிய பானையில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. அப்படித்தான் நினைத்தார். ஐம்பது வருடம் தயிர் தின்றவர், ஒரு நாளாவது ஒரு பானையைக் கழுவியிருந்தால் அப்படி நினைத்திருக்கமாட்டார்.

காராயி பாலைக் காய்ச்சினாள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டாள். மூன்று பானையிலும் ஊற்றினாள். மூடினாள். சபை நடுவில் வைத்தார்கள். சேவகர்கள் வேலோடு சுற்றி நின்றார்கள்.

மூன்றாம் நாள் காலை. கடைத்தெருவே அரண்மனை முற்றத்தில் நின்றது. சங்கனும் சடைச்சியும் முன்னால் நின்றார்கள். வெளியே ஒரு சேவகன் காராயியின் மாடுகளைக் கயிற்றோடு பிடித்துத் தயாராக வைத்திருந்தான். தோற்றால் ஓட்டிப் போக.

காராயி முதல் பானையைத் திறந்தாள். தளபதி வீட்டுப் பானை. பால் திரிந்து நீர் தனியாக நின்றது.

இரண்டாம் பானையைத் திறந்தாள். பொருள் காப்பாளர் வீட்டுப் பானை. பால் நூல் விட்டுப் போயிருந்தது. நாற்றம் அடித்தது. ராசா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நன்னாகர் மீசையைத் தடவினார்.

மூன்றாம் பானையைத் திறந்தாள். எட்டிப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேராக நன்னாகரிடம் போனாள்.

"சாமி, கொஞ்சம் தலையைக் குனிங்க."

"என்ன?"

சொல்லி முடிப்பதற்குள் அவர் தலைக்கு மேல் பானையைக் கவிழ்த்தாள். சபை ஐயோ என்றது. நன்னாகர் கண்ணை மூடிக்கொண்டார்.

சொட்டு விழவில்லை.

கட்டித்தயிர். அறுத்துக் கொடுக்கலாம்.

முற்றம் ஆரவாரம் செய்தது. ராசா சிம்மாசனத்திலிருந்து எழுந்துவிட்டான். "இது யார் வீட்டுப் பானை?"

நன்னாகர் கண்ணைத் திறந்தார். தலை நனையவில்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்துவிட்டார். "என் வீட்டுப் பானை மன்னா! தளபதி வீட்டில் உறையவில்லை, காப்பாளர் வீட்டில் உறையவில்லை. என் வீட்டுப் பானையில் உறைந்தது. எல்லாம் என் குடும்பத்தின் புண்ணியம்."

"உறுதியாத்தான் சொல்றீங்களா சாமி?" என்றாள் காராயி. "உங்க வீட்டுப் பானைதான்? நேத்து வரைக்கும் உங்க மடைப்பள்ளியில இருந்த பானைதான்?"

"என் வீட்டுப் பானைதான். நாடு முழுக்கச் சொல்."

"சொல்லிடுறேன்" என்றாள். ராசா பக்கம் திரும்பினாள்.

"மகராசா, மண்பானைக்கு ஒரு குணம் உண்டு. தயிர் ஊத்தி வச்சா உள்ள குடிச்சு வச்சுக்கும். சாம்பல் போட்டாலும் போகாது, மூணு தண்ணி விட்டாலும் போகாது. ஒரு மாசம் வெயில்ல சும்மா காயப்போட்டாத்தான் சாகும். தளபதி ஐயா பானை செத்துடுச்சு. காப்பாளர் ஐயா பானை செத்துடுச்சு. அவங்க சட்டப்படி நடந்தவங்க. இந்தப் பானையில நேத்து வரைக்கும் தயிர் இருந்துருக்கு. இல்லாட்டி இது உறையாது. இதுல புண்ணியம் ஒண்ணும் இல்ல. நேத்தைய தயிர்தான்."

கூட்டத்திலிருந்து சங்கன் குரல் கேட்டது. "அடேங்கப்பா! நாலு படிப் பாலு எங்க போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு!"

முற்றம் வெடித்துச் சிரித்தது. சேவகர்கள் வேலைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்கள். தளபதி சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

ராசா சிரிக்கவில்லை. "நன்னாகரே, இவள் சொல்வது உண்மையா?"

நன்னாகர் பானையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "மன்னா... தயிர் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது."

"என் குடிகளுக்கு இறங்குமா?"

நன்னாகர் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"சட்டம் எழுதுமுன் இந்தப் பெண்ணிடம் கேட்டீரா?"

"இல்லை மன்னா."

"கடைத்தெருவில் யாரிடமாவது கேட்டீரா?"

அதற்கும் நன்னாகர் இல்லையென்று தலையாட்டினார். ராசா மறுபடியும் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். "நானும் கேட்கவில்லை" என்றான். அதைச் சொல்ல ஒரு ராசாவுக்கு எத்தனை கனம் என்று யோசித்துப் பாருங்கள். அவன் சொன்னான். அதனால்தான் நல்ல ராசா என்றேன்.

பசி வந்துவிட்டது அவனுக்கு. வெள்ளித் தட்டில் சோறு வந்தது. பானையை முழுக்கக் கவிழ்க்கச் சொல்லிக் கை நீட்டினான்.

காராயி பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"ஒரு கரண்டி நிறுத்துங்க மகராசா."

"என் நாட்டில் எனக்கே கணக்கா?" என்றான் ராசா.

"நீங்க வேணும்ங்கற அளவு தின்னுங்க. அடியில ஒரு கரண்டி நிறுத்துங்க. அதையும் எடுத்துட்டா நாளைக்கு உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல, நாட்டுக்கும் இல்ல."

முற்றம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ராசா நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். காராயி தயிரைத் தட்டில் வைத்தாள். தின்றான். புண் வாய்க்குக் குளிர்ந்தது. கண் நிறைந்துவிட்டது. ஒரு கரண்டி நின்றது.

கை கழுவிவிட்டு, "சரி, நீயே சொல். ஊசிப்போனதை விற்கிறவனை நான் என்ன செய்ய? சாவடிக்கு வரி வேண்டாமா? கோட்டை மதிலை யார் கட்டுவது?" என்று கேட்டான்.

காராயி திரும்பி மரத்தடி ஆட்களைப் பார்த்தாள். சங்கன் தலையாட்டினான். சடைச்சி தலையாட்டினாள்.

"வரி வேணும் மகராசா. மதில் இல்லாட்டி எங்க மாடும் போயிடும். ஆனா வித்து முடிச்சவன்கிட்ட கேளுங்க. விக்கப் போறவனை வரிசையில நிறுத்தாதீங்க. பெரிய கிட்டங்கிக்கு வருசத்துக்கு ஒரு முத்திரைன்னா எங்களுக்கும் வருசத்துக்கு ஒண்ணு, எங்க சக்திக்குத் தக்கன. ஊசிப்போனதை விக்கறவன் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். நாத்தம் எங்க பக்கத்துலதான அடிக்குது? அவனைக் கையைக் கட்டி உங்ககிட்ட கொண்டாந்து விடுறோம்."

"கருவாட்டுக்கு?" என்று கேட்டான் ராசா. இப்போது அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அது நாறும் மகராசா. நாறினாத்தான் நல்ல கருவாடு" என்றான் சங்கன்.

மூன்று ஓலையையும் கொண்டுவரச் சொன்னான் ராசா. சபை நடுவில் மூன்றையும் கிழித்தான். மாடுகளின் கயிற்றைச் சேவகன் கையிலிருந்து தானே வாங்கிக் காராயியிடம் கொடுத்தான். அவள் விற்ற எருமையையும் மீட்டுக் கொடுத்தான்.

நன்னாகரை அவன் சிறையில் போடவில்லை. நாற்பத்தெட்டு நாள் கடைத்தெருவில் மரத்தடியில் உட்கார்ந்து ஊறுகாய் விற்கச் சொன்னான். சடைச்சி புதிதாக ஊறுகாய் போட்டு ஒரு ஜாடியைக் கொடுத்து, "விலையைக் குறைச்சுச் சொல்லிடாதீங்க ஐயா, என் பிழைப்பு" என்று எச்சரித்து உட்காரவைத்தாள். முதல் நாள் ஒரு வடுகூட விற்கத் தெரியவில்லை அவருக்கு. நாற்பத்தெட்டாம் நாள் நன்றாகக் கூவினார் என்கிறார்கள்.

அந்த ஒரு கரண்டி உறைமோரைக் காராயி அன்று பகலிலேயே மூன்று பானைப் பாலில் விட்டாள். மறுநாள் முப்பது வீடு கிண்ணத்தோடு வந்து நின்றது. யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. அதற்கடுத்த நாள் முந்நூறு வீடு. ஏழாம் நாள் தாழைக்கோட்டையில் தயிர் இல்லாத வீடு இல்லை. கடைத்தெருவில் மரத்தடி போதாமல் பக்கத்து மரத்தடிக்கும் ஆள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வருடம் கோட்டைச் சாவடியில் சேர்ந்த வரி, முந்தின வருடத்தைவிட மூன்று மடங்கு. அதைப் பார்த்து ராசா வாயைப் பிளந்தான்.

ஆகவே, ஒரு தொழிலுக்குச் சட்டம் எழுதப் போகிறவன் அந்தத் தொழில் செய்கிறவனை முதலில் கேட்க வேண்டும், அவனிடம் வரி எடுக்கும்போது நாளைக்கு அவன் பிழைக்க வேண்டியதை அவனிடமே விட்டுவைக்க வேண்டும்.